மணமகன் அறையின் பழுப்புக் கோடு

கல்யாண மண்டபங்களில் பணிபுரிவோர் நலச்சங்கத்தின் ஆண்டு மலருக்கு, என் பணி அனுபவத்தைக் கட்டுரையாக எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டுக்கொண்டனர். ‘அர்ப்பணிப்பு’, ‘சேவை’ ஆகிய தலைப்புகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம் என்றனர். என் பெயருக்குக் கீழே ‘மண்டப மேலாளர் (ஓய்வு)’ என்று அச்சிட்டுக்கொள்ளலாமா என்றும் கேட்டனர். தலைப்பைப் பற்றி இப்பொழுதே கூறிவிடுகிறேன். அர்ப்பணிப்பைப் பற்றி எழுதும் அளவுக்கு எனக்கு எதுவும் தெரியாது. கழிவறைக் கோப்பையில் படியும் கறையைப் பற்றித் தெரியும். ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன். மற்றொரு கேள்விக்கு விடை போகப் போக வரும்.

நான் பிறந்து வளர்ந்தது ராயப்பேட்டை. சோபாக்களுக்கு உறை தைத்துப் போர்த்துவது எங்கள் குடும்பத் தொழில். கடைகளில் ஆயத்த சோபாக்கள் வந்து குவிந்ததும் எங்கள் கடை மூடப்பட்டது. அண்ணன் வெளிநாடு சென்றுவிட்டார். நான், தலை நரைக்கத் தொடங்கிய வயதில், மயிலாப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கழிவறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில் சேர்ந்தேன். வேலையைச் சொல்லிக்கொள்ள நான் ஒருபோதும் தயங்கியதில்லை. எனக்கும் சேர்த்துத் தயங்கியவர் என் மனைவியின் தம்பி சாதிக். உறவினர் கூடும் இடங்களில் என் வேலையைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

முதல் சில மாதங்களில் எனக்குத் தெரிந்த ஒரே முறை, பலங்கொண்ட மட்டும் தேய்ப்பது. தேய்த்தும் போகாவிட்டால் சைக்கிளில் வரும் ஆசிட்காரரிடம் வாங்கி ஊற்றுவது. புகை எழும், கண் எரியும், கோப்பை அன்றைக்கு வெளுக்கும், அடுத்த முகூர்த்தத்துக்குள் முன்னைவிடக் கருத்துவிடும். ஏன் என்று நான் கேட்டுக்கொண்டதில்லை. அந்தக் கேள்வியை என்னுள் எழுப்பியவர் என் மேற்பார்வையாளர் ரெஜினா அம்மையார்.

அவர் சாந்தோமைச் சேர்ந்தவர். வயதில் என்னைவிட இளையவர். தனியார் மருத்துவமனை ஒன்றில் துப்புரவு மேற்பார்வை பார்த்துவிட்டு எங்கள் மண்டபத்துக்கு வந்தார். அவர் பணிபுரியும் விதத்தைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன். கழிவறைக்குள் நுழைந்ததும் கைப்பையை வெளியே கதவுப்பிடியில் மாட்டுவார். முக்காலியை இழுத்துப் போட்டு, நோயாளியின் கட்டிலருகே அமர்வதுபோல் கோப்பையின் அருகே அமர்வார். தூரிகையைத் தொடமாட்டார். முதலில் ஒருமுறை நீரைத் திறந்துவிட்டு, அது அடங்கும்வரை காத்திருப்பார். அடங்கிய பின்னும் காத்திருப்பார். தொட்டியிலிருந்து நீர் இழையாகக் கசிகிறதா என்று பார்ப்பதற்காகவே அந்த மௌனம். பிறகு முகம் பார்க்கும் சிறு கண்ணாடியை விளிம்பின் அடியில் பிடித்து, நம் கண்ணுக்கு எட்டாத பகுதியைப் பார்ப்பார். இறுதியாக, பழைய ஏ.டி.எம். அட்டையின் ஓரத்தால் கறையை மெல்ல வருடுவார். அட்டை தட்டுப்பட்டால் அது கல். வழுக்கிச் சென்றால் அது சாயம். கல்லுக்கு ஒரு வைத்தியம், சாயத்துக்கு வேறு வைத்தியம்.

நான் முழு மூச்சாகத் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு நாளில் அவர் வாசலில் நின்று சொன்னது இன்றும் நினைவிருக்கிறது.

“இன்னா பாய், அத்தப் போட்டு அந்த அடி அடிக்கிறீங்க? அது இன்னா தப்பு பண்ணிச்சு? தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க மொதல்ல.”

பார்த்தேன். எங்கள் மண்டபத்தின் போர் தண்ணீர் உப்பும் இரும்பும் கலந்தது. தொட்டியின் வாஷர் தேய்ந்து ஓயாமல் கசிந்த நீர் ஒரே தடத்தில் வழிந்து, காய்ந்து, மீண்டும் வழிந்து, கோப்பையின் மேல் தானே ஒரு கோடு போட்டிருந்தது. அது மனிதர் போட்ட அழுக்கு அன்று. தண்ணீர் போட்ட படிவு. ஆசிட்டோ படிவோடு சேர்த்துக் கோப்பையின் வழவழப்பையும் அரித்துவிடும். வழவழப்புப் போன இடத்தில் அடுத்த கறை இன்னும் உறுதியாகப் பற்றிக்கொள்ளும். அன்று முதல் நான் ஆசிட்காரரைக் கண்டால் சலாம் மட்டும் சொல்லி அனுப்பிவிடுவேன்.

ரெஜினா அம்மையாரின் திறமையை மண்டபம் முழுவதும் அறிந்த நாள் ஒன்று உண்டு. ஒரு முகூர்த்த நாளில் மணமகள் அறைக்குள் சென்ற மாப்பிள்ளையின் அத்தை அலறிக்கொண்டு வெளியே வந்தார். கோப்பை முழுவதும் இரத்தம் என்றார். அபசகுனம் என்று ஒருவர் சொல்ல, பெண்ணுக்கு ஏதோ நோய் என்று இன்னொருவர் முணுமுணுக்க, பெண்ணின் தாயார் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். ரெஜினா அம்மையார் உள்ளே சென்றார், முக்காலியில் அமர்ந்தார், குனிந்து முகர்ந்தார். வெளியே வந்து அத்தையிடம், ஆரத்தி எடுத்தவர் யார் என்று மட்டும் கேட்டார். வாசலில் ஊற்ற வேண்டிய ஆரத்தி நீரைச் சோம்பலால் கோப்பையில் கொட்டியவர் அந்த அத்தையின் சொந்த மகள்தான். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த சிவப்பு அது. எல்லோரும் பார்க்க ஒரு கை பிளீச்சிங் பவுடரை அம்மையார் தூவினார். நிறம் முதலில் இன்னும் சிவந்தது. பிறகு சிறிது சிறிதாக வெளிறி, கோப்பை பால்போல் ஆனது. பெண்ணின் தாயார் அம்மையாரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்தக் கூட்டத்தில் நின்று வியந்தவர்களுள் எங்கள் மண்டபத்தின் காவலாளி ஏழுமலையும் ஒருவர். பட்டினப்பாக்கத்துக்காரர், தங்கமான மனிதர். அந்த வியப்பை அவர் பல ஆண்டுகள் நெஞ்சில் வைத்திருந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

என் மகள் நஸ்ரினுக்குக் கடலூரில் மாப்பிள்ளை அமைந்தது. மண்டப உரிமையாளர் தென்மாவட்டத்திலிருந்து வந்து தியாகராய நகரில் பாத்திரக் கடை நடத்துபவர். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். திருமணச் செய்தியைக் கூறச் சென்றபோது அவர் சொன்னார்: “ஆடி மாசம் மண்டபம் சும்மாதான பாய் கெடக்கு? எங்காளுங்க ஒருத்தரும் கல்யாணம் வைக்க மாட்டாங்க. ஒமக்கு ஆடியும் ஒண்ணுதான், ஆவணியும் ஒண்ணுதான். இங்கனயே வச்சிக்கிடும்.”

நான் நெகிழ்ந்து நின்றேன். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. மாப்பிள்ளையின் தாயாருக்கு முழங்கால் வலி. தரையில் பதித்த கோப்பையில் அமர இயலாது. மண்டபத்தில் நாற்காலிபோல் அமரும் கோப்பை இருந்தது கீழ்த்தள மணமகன் அறையில் மட்டுமே. அந்த அறையோ பூட்டிக் கிடந்தது. காரணம், அக்கோப்பையின் பின்புறச் சரிவில் விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை இறங்கிய அகலமான பழுப்புக் கோடு. நான் சேர்வதற்கு முன்பிருந்தே இருந்த கோடு அது. ரெஜினா அம்மையாரே பலமுறை முயன்று பாதியில் விட்டது. அதைக் கண்டவர்கள் முகம் சுளித்ததால், ஆடி முடிந்ததும் தரையோடு பெயர்த்து மாற்றிவிடலாம் என்று அண்ணாச்சி அறையைப் பூட்டிவைத்திருந்தார். கறை போனால் அறையைத் திறந்துகொள்ளலாம். போகாவிட்டால் பூட்டு பூட்டாகவே இருக்கட்டும், வெளியூர்க்காரர் முன் மண்டபத்தின் மானம் போகக் கூடாது என்றார். அறை கிடைக்காவிட்டால் நிக்காஹ்வைக் கடலூரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பது சம்பந்தி வீட்டார் விருப்பம். என் மகளோ, அத்தா வேலை செய்யும் மண்டபத்தில்தான் தன் திருமணம் என்று தோழியர் அனைவரிடமும் சொல்லியிருந்தாள்.

இதற்கிடையில் சாதிக் ஒரு காரியம் செய்திருந்தார். பெண் பார்க்க வந்தவர்கள் என் வேலையைப் பற்றி விசாரித்தபோது, நான் உள்ளே பழம் நறுக்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, ‘மண்டபத்துல மேனேஜர்’ என்று சொல்லிவிட்டார். எனக்குச் செய்தி தெரிந்ததும் உடனே தொலைபேசியில் பேசப் போனேன். சாதிக் தடுத்தார்.

“மச்சான், நிக்காஹ் முடியட்டும். அப்புறம் நீங்க கலெக்டர்னு வேணாலும் சொல்லுங்க, கக்கூஸ் கழுவுறவருன்னு வேணாலும் சொல்லுங்க. இப்ப வாயத் தொறக்காதீங்க.”

நிக்காஹ்வுக்கு முன்பு நானே நேரில் சொல்வேன் என்று என் மனைவியிடம் உறுதியாகக் கூறினேன். ஆனால் அதற்கு முதலில் அவர்கள் வந்து தங்க வேண்டும். தங்குவதற்கு அந்தக் கோடு போக வேண்டும்.

தொட்டியின் வாஷரை மாற்றினேன். மந்தைவெளி நாட்டு மருந்துக் கடையில் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், வாங்கி, வெதுவெதுப்பான நீரில் கரைத்து, நாள்தோறும் துணியில் நனைத்துக் கறைமேல் போட்டுவந்தேன். கொதிநீர் கூடாது, பீங்கான் விரிசல் விடும். கோடு மெல்ல இளைத்தது. தேநீரின் நிறத்துக்கு வந்தது. பிறகு சந்தனத்தின் நிறத்துக்கு. இன்னும் சிறிது முயன்றால் போய்விடும் என்று நம்பி, சம்பந்தி வீட்டாரை வரச் சொல்லிவிட்டோம்.

அவர்கள் வரவிருந்த நாளின் காலையில் மண்டபத்துக்குச் சென்றேன். வாயிலிலிருந்து முற்றம் வரை இருபுறமும் பிளீச்சிங் பவுடரால் வெள்ளைக்கோடு போடப்பட்டிருந்தது. தலைவர்கள் வரும்போது தெருவில் போடுவார்களே, அதுபோல. ஏழுமலை தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

“நம்ம பாப்பா கல்யாணம் பாய். எவன் எவனோ வந்தா போடறானுங்க, நம்ம பாப்பாவுக்குப் போடக் கூடாதா? அந்த ரூம்லயும் ரெண்டு கை அள்ளிப் போட்டு வுட்டுக்கீறேன். அன்னிக்கு ரெஜினாம்மா போட்டப்ப பளபளன்னு ஆவல? அந்த மாதிரி இந்நேரம் ஆயிருக்கும் பாரு.”

நான் ஓடினேன். மஞ்சளை வெளுக்கும் அதே பவுடர், இரும்புக் கறையை முற்றச் செய்துவிடும். சந்தனமாக இருந்த கோடு செங்கல்லாகச் சிவந்திருந்தது. அதனினும் பெரிய இடர் ஒன்றும் இருந்தது. பிளீச்சிங் பவுடர் இருக்கும் இடத்தில் எலுமிச்சை உப்பைச் சேர்த்தால் மூச்சைத் திணறடிக்கும் நச்சுப் புகை கிளம்பும். என் கையில் இருந்த ஒரே மருந்தையும் அப்போது பயன்படுத்த முடியாது.

ஏழுமலையின் முகத்தைப் பார்த்தேன். அவர் என் மகளுக்குச் செய்த மரியாதை அது. இருவரும் சேர்ந்தே வேலையில் இறங்கினோம். சன்னலைத் திறந்து வைத்தோம். போர் தண்ணீர் வேண்டாமென்று, குடிநீர்த் தொட்டியிலிருந்து வாளி வாளியாகக் கொண்டுவந்து, பவுடர் வாடை சிறிதும் இல்லாது போகும்வரை அலசினோம். பிறகு வாளி நீரை ஒரே வீச்சில் ஊற்றிக் கோப்பையின் நீர்மட்டத்தை இறக்கினேன். கோடு முழுவதும் வெளிப்பட்டது. அட்டையால் வருடினேன், தட்டுப்பட்டது.

எங்கள் மண்டபத்தை விட்டு விலகி, அடையாற்றில் ஓர் அடுக்கக வளாகத்தில் அப்போது பணியாற்றிவந்த ரெஜினா அம்மையாரைத் தொலைபேசியில் அழைத்தேன். சரிவில் இருக்கும் கறை ஆகையால் கரைசல் நிற்காமல் வழிந்துவிடும், துணியும் நழுவும், மாலைக்குள் நடக்காது என்றார். தம்மால் அந்தக் கோட்டை எடுக்க முடியாமற்போனதற்குக் காரணமே அந்தச் சரிவுதான் என்றும் கூறினார். வேண்டுமானால் சக்கர நாற்காலி வடிவக் கழிப்பிருக்கை ஒன்றைத் தாம் முன்பு வேலை பார்த்த மருத்துவமனையிலிருந்து இரவல் வாங்கித் தருவதாகச் சொன்னார்.

நழுவும் என்ற சொல்லில்தான் என் மனம் நின்றது. வளைந்த பொருளின்மேல் துணியை நழுவாமல் நிறுத்துவதுதானே என் பரம்பரைத் தொழில்? வட்ட முக்காலிக்கும் உருண்டைக் கைப்பிடிக்கும் எத்தனை உறை போர்த்தியிருக்கிறேன்? துணியை நேர்இழையில் வெட்டினால் சுருக்கம் விழும்; குறுக்கே சாய்த்து வெட்டினால் வளைவோடு ஒட்டிக்கொள்ளும். வழிந்தோடும் மருந்தை நிறுத்தவும் எங்கள் கடையிலேயே வழி இருந்தது. உறைக்குள் அட்டையை ஒட்டுவதற்கு நாங்கள் மைதா மாவைக் காய்ச்சிப் பசை செய்வோம்.

மண்டபச் சமையலறையில் மைதாவுக்கா பஞ்சம்? பசை காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறவிட்டு, எலுமிச்சை உப்பை அள்ளிக் கலந்தேன். கோட்டின்மேல் கனமாக அப்பினேன். பழைய வேட்டியைச் சாய்வாக வெட்டி, கோப்பையின் வளைவுக்கு ஏற்ப மடிப்பு எடுத்து, மேலே போர்த்தி, விளிம்பைச் சுற்றி நாடாவால் இழுத்துக் கட்டினேன். உறை ஒரு சுருக்கமும் இன்றி உட்கார்ந்தது. அது காய்ந்துவிடாமல் கரைசலைத் தெளித்துக்கொண்டே இருந்தேன்.

பிற்பகலில் ரெஜினா அம்மையார் கழிப்பிருக்கையுடன் ஆட்டோவில் வந்து இறங்கினார். பட்டுப் புடவையில் இருந்தார். கைப்பையைக் கதவுப்பிடியில் மாட்டிவிட்டு எட்டிப் பார்த்தார்.

“ஏசுவே. கக்கூசுக்கு சோபா கவர் போட்டுக்கீறீங்களே பாய்.”

சிரித்துவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். ஆனால் உறையைத் தொடவில்லை. எப்போது பிரிப்பது என்பது என் முடிவு என்றார். என் மேலதிகாரியாக இருந்தவர் என்னிடம் முடிவை விட்டது அதுவே முதல் முறை. இன்னும் ஊறட்டும் என்றேன்.

ஊறிக்கொண்டிருக்கும்போதே வாயிலில் வேன் வந்து நின்றது. சம்பந்தி வீட்டார் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டனர். கூடத்தில் சாதிக் அவர்களை அமரச் சொல்லும் குரல் கேட்டது. மேனேஜர் உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார், இதோ வந்துவிடுவார், அதற்குள் ரோஸ்மில்க் குடியுங்கள் என்றெல்லாம் அடுக்கினார். அவருக்குப் பதிலாக வந்தது சம்பந்தியம்மாளின் குரல்.

“ரோஸ்மில்க் கெடக்கட்டும் தம்பி. திண்டிவனத்துலேருந்து அடக்கிக்கிட்டு வர்றேன். அந்த ரூம் எங்க இருக்கு?”

கைத்தடியின் ஓசை நெருங்கியது. சாதிக் ஓடிவந்து கதவை மறைக்கப் பார்த்தார். அம்மாள் அவரைத் தடியால் மெல்ல ஒதுக்கிவிட்டு உள்ளே வந்து நின்றார். நான் கைலியை மடித்துக் கட்டி, முழங்கை வரை மாவுப் பசையோடு, கோப்பையின் முன் மண்டியிட்டிருந்தேன். இனிக் காத்திருக்க இயலாது. நாடாவை அவிழ்த்தேன். உறையை மேலிருந்து கீழாக, ஒரே சீராக உரித்தேன். பசையோடு சேர்ந்து துருவின் நிறத்தில் ஒரு பட்டை துணியிலேயே வந்தது. மிச்சமிருந்த நிழல்போன்ற தடத்தை, குதிகால் தேய்க்கும் கல்லை நன்றாக நனைத்து மெல்ல வருடினேன். நீரைத் திறந்துவிட்டேன்.

கோப்பை வெள்ளையாக இருந்தது. கோடு இருந்த இடம் எது என்று எனக்கே தெரியவில்லை. ரெஜினா அம்மையார் கண்ணாடியை விளிம்பின் அடியில் பிடித்துப் பார்த்தார். அட்டையால் மேலிருந்து கீழ் வரை வருடினார். அட்டை எங்கும் தட்டுப்படவில்லை. எழுந்து என் தோளில் ஒருமுறை தட்டிவிட்டு வெளியே போனார்.

அம்மாளுக்கு வழிவிட்டு நாங்கள் அனைவரும் கூடத்தில் நின்றோம். சாதிக் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மாள் வெளியே வந்து, நாற்காலியில் அமர்ந்து, தடியை மடியில் வைத்துக்கொண்டார்.

“மேனேஜர்னு சொன்னாங்க” என்றார்.

“மேனேஜர் இல்லீங்க சம்பந்தி. நான் இங்க கழிவறை சுத்தம் பண்றவன். எங்க வீட்டுல உலை வைக்கிறது இந்த வேலையிலதான். நிக்காஹ்வுக்கு முன்னாடி நானே உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன். சொல்லிட்டேன்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை, சாதிக்கைப் பார்த்தார். “எதுக்குத் தம்பி பொய் சொன்னே? மேனேஜர் வீட்டுப் பொண்ணுதான் வேணும்னு நாங்க கேட்டோமா?”

சாதிக் தண்ணீர் குடிக்கப் போகவும் வழியின்றி நின்றார். பிறகு அம்மாள் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

“எங்க வீட்டுலயும் இப்படி ஒரு கோடு இருக்கு சம்பந்தி. மருமக வந்து பாத்தா என்ன நெனைப்பாளோன்னு என் மவன் ஒரு மாசமா ஆசிட் ஊத்திக்கிட்டுக் கெடக்கான். போவமாட்டேங்குது. இத நான் யார்கிட்ட சொல்றது?”

சாதிக் பொய்யால் மூட நினைத்ததும், கடலூரில் அவர்கள் ஆசிட்டால் மூட நினைத்ததும் ஒரே கவலைதான் என்று எனக்கு அப்போது விளங்கியது. “ஆசிட்ட நிறுத்தச் சொல்லுங்க முதல்ல” என்றேன். “தொட்டி கசியுதா?”

“அதெல்லாம் எனக்கென்ன தெரியும்? நீங்கதான் வந்து பாக்கணும்.”

மறுநாள் நிக்காஹ் நடந்தது. ஏழுமலை போட்ட வெள்ளைக்கோட்டின் நடுவே நடந்துதான் மாப்பிள்ளை உள்ளே வந்தார். பிரியாணிப் பந்தியில் அண்ணாச்சி, மணமகன் அறையைத் தாமே சென்று பார்த்துவிட்டு வந்து, கோப்பையை உடைப்பதில்லை என்று என் காதில் சொன்னார். என் மகள் தன் தோழியரை அந்த அறைக்கு அழைத்துச் சென்று காட்டினாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். மணப்பெண் கழிவறையைக் காட்டிய திருமணம் சென்னையில் வேறு நடந்திருக்குமா என்பது ஐயமே.

மறுவீட்டு விருந்துக்குக் கடலூர் சென்றபோது என் மனைவி ஒரு பையில் பழங்களும் இனிப்பும் எடுத்துக்கொண்டார். நான் இன்னொரு பையில் எலுமிச்சை உப்பு, மைதா, பழைய வேட்டி, குதிகால் கல், புது வாஷர் ஆகியவற்றை எடுத்துக்கொண்டேன். சம்பந்தியம்மாள் வாசலில் எங்களை வரவேற்று, இனிப்புப் பையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, என் பையில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அன்று விருந்து சற்றுத் தாமதமாகவே பரிமாறப்பட்டது. கோடு போயிற்று.

இப்போது எங்கள் மண்டபத்தில் கையசைத்தால் நீர் பாயும் புதுவகைக் கோப்பைகள் பதிக்கப்படுகின்றன. பணியில் இருக்கும் தோழர்கள் கறை இனி வராது அல்லவா என்று கேட்டார்கள். போர் தண்ணீர் மாறியிருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். அப்படியானால் வரும், எடுத்துவிடலாம். மணமகன் அறைக் கோப்பை மட்டும் பழையதாகவே, வெள்ளையாகவே இருக்கிறது.

இனி, மலர்க்குழுவினரின் கேள்வி. என் பெயருக்குக் கீழே ‘கழிவறைப் பணியாளர் (ஓய்வு)’ என்று அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இம்மலரின் ஒரு படி கடலூருக்கும் போகும். அதில் ‘மேலாளர்’ என்று இருக்கக் கண்டால், சம்பந்தியம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே தொலைபேசியை எடுத்து, எதற்குப் பொய் சொன்னீர்கள் என்று கேட்பார். அந்தக் கேள்விக்குச் சாதிக்கிடமே விடை இல்லை. என்னிடம் எப்படி இருக்கும்?

காதர் பாஷா